உரிமையாளர் அருகில் இல்லை

லிஃப்ட்காரர் வீட்டு ஓவன் அவருடைய சமையலறையில்தான் இருந்தது. அதற்குக் கரண்ட் பில் கட்டியது அவர். துடைத்து வைத்தது அவர் மனைவி. அதில் வெந்ததையும் கருகியதையும் சாப்பிட்டது இருவரும். ஆனால் அதன் உரிமையாளர், ஊரின் மறுகோடியில் குடியிருந்த அவருடைய சகலை. அது எப்படி ஆனது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அடுக்குமாடிகளிலும் ஆபீஸ்களிலும் நின்றுபோன லிஃப்ட்டுகளை ஓட வைப்பதும், நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதும் அவர் வேலை. மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். வீட்டுக்கு மூத்தவள். அவளுடைய தங்கை, இளையவள், ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்காருகிறாள். இளையவளின் கணவர்தான் அந்தச் சகலை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "புது அப்டேட் வந்திருக்கு, போட்டுட்டீங்களா?" என்று கேட்பார். அதனால் குடும்பத்தில் அவருக்கு அப்டேட் என்றே பேர் விழுந்துவிட்டது. அவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மூத்தவளும் லிஃப்ட்காரரும் நான்காவது மாடியில் புது வீட்டுக்குக் குடிபோனபோது, அப்டேட் ஓர் ஆளுயரப் பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே ஓவன். முகம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. லிஃப்ட்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார்.

"இதுக்குத் திருகு எங்க இருக்கு சகலை?"

"திருகெல்லாம் அந்தக் காலம். எல்லாம் ஃபோன்லதான். ஒரு ஆப் இருக்கு."

"ஃபோன்ல சார்ஜ் இல்லன்னா?"

"சார்ஜ் போடுங்க."

லிஃப்ட்காரருக்கு இது பிடிக்கவில்லை. அவர் தொட்ட எந்த மெஷினுக்கும் கடைசி வழி என்று ஒன்று இருந்தது. எவ்வளவு நவீனமான லிஃப்ட்டானாலும், எல்லாம் செத்துப்போனால் மொட்டைமாடி அறையில் கையால் சுற்ற ஒரு சக்கரம் இருக்கும். சக்கரம் இல்லாத மெஷினை அவர் மெஷின் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

ஆப்பை ஏற்ற லிஃப்ட்காரரின் ஃபோனில் இடம் இல்லை. தேய்ந்த கம்பிவடங்களைப் படம் எடுத்து எடுத்து அதை நிரப்பி வைத்திருந்தார். மூத்தவளின் ஃபோன் பழசு. ஆப் அதைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்றது. "இப்போதைக்கு என் ஃபோன்ல போட்டு வைக்கறேன், அப்புறம் மாத்திக்கலாம்" என்று அப்டேட் தன் பெயரிலேயே பதிவு செய்தார். அவர் உரிமையாளர் ஆனார். பிறகு படங்களை அழித்து, மூத்தவளுக்கு வேறு ஃபோன் வாங்கி, ஆப்பை ஏற்றியபோது அவர்கள் இருவரும் 'விருந்தாளி ஒன்று', 'விருந்தாளி இரண்டு' ஆனார்கள். அந்த 'இப்போதைக்கு' அப்படியே நிலைத்துவிட்டது.

ஓவன் தமிழ் பேசும் என்று அப்டேட் பெருமையாகச் சொல்லியிருந்தார். பேசியது. முதல் நாள் கோழி வைத்தபோது, "விருந்தாளியே, உங்கள் கோழி தன்னை முடித்துக்கொண்டது" என்று ஃபோனில் வந்தது. மூத்தவள் பதறிப்போய் ஓடினாள். கோழி நன்றாகத்தான் வெந்திருந்தது. அதே செய்தி ஊரின் மறுகோடியில் அப்டேட்டின் ஃபோனுக்கும் போயிருந்தது. உடனே அவர் அழைத்து, "கோழி எப்படி?" என்று கேட்டார். அந்த நாட்களில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிப்பு ஒரு பயணத்தில் முடிந்தது. அக்காவும் தங்கையும் தங்கள் மாமா வீட்டுச் சாப்பாட்டுக்குப் புருஷன்மாரோடு ஒரே காரில் கிளம்பினார்கள். ஓட்டியது அப்டேட். வழி சொன்னது ஃபோன். லிஃப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது வழியில்ல, இது வழியில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கார் கடைசியில் ஒரு கல் குவாரியின் விளிம்பில் போய் நின்றது. "நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது ஃபோன்.

"ஃபோன் குதிக்கச் சொன்னா குதிப்பியா சகலை?" என்றார் லிஃப்ட்காரர்.

அப்டேட்டுக்கு ஏற்கெனவே முகம் செத்திருந்தது. "ஒரே கட்டடத்துல மேலயும் கீழயும் போற ஆளுக்கு ரோட்டப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு காரில் பேசியது பெண்கள்தான். என் புருஷனை எப்படிச் சொல்லலாம் என்று மூத்தவள் கேட்டாள். உன் புருஷன் முதலில் சொன்னதை விட்டுவிட்டாயே என்று இளையவள் கேட்டாள். அங்கிருந்து பேச்சு சின்ன வயதுக்குப் போனது; யாருடைய பாவாடையை யார் கிழித்தது என்பது வரைக்கும் வந்தது. மாமா வீட்டை அடைந்தபோது பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். திரும்பும்போது மூத்தவளும் லிஃப்ட்காரரும் பஸ்ஸில் வந்தார்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

ஆனால் ஓவன் பேசிக்கொண்டிருந்தது. இவர்கள் ரொட்டி சூடு பண்ணினால் அங்கே அப்டேட்டுக்குச் செய்தி போகும். இது இவர்களுக்குத் தெரியும். அதை நினைத்தால் லிஃப்ட்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நம்ம வீட்ல என்ன வேகுதுன்னு அவனுக்கு எதுக்குத் தெரியணும்?" என்பார். ஓவனையும் 'அவன்' என்றே அந்த வீட்டில் சொல்வதால், சண்டைக்குப் பிறகு புருஷன் பெண்டாட்டி பேச்சே குழம்பிப்போனது.

"அவன் இன்னைக்குச் சரியில்லைங்க."

"என்னைக்குச் சரியா இருந்தான்?"

"நான் ஓவனைச் சொல்றேன்."

"நானும் ஒருத்தனைத்தான் சொல்றேன்."

ஓவனும் தன் பங்குக்குப் படுத்தியது. ஹாலில் இருந்த வைஃபை அதற்கு எட்டவில்லை என்று, லிஃப்ட்காரர் வைஃபை பெட்டியை ஒயரோடு தூக்கி வந்து சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் டி.வி. ஓடவில்லை. ஓவனுக்குள் ஒரு கேமரா உண்டு. வைத்தது என்ன சாப்பாடு என்று அதுவே கண்டுபிடிக்கும். மூத்தவள் பிசைந்து வைத்த ரொட்டி மாவை அது ஒருமுறைகூட ரொட்டி என்று ஒத்துக்கொண்டதில்லை. "கண்டறியப்பட்டது: உருளைக்கிழங்கு" என்று சொல்லி, உருளைக்கிழங்குக்கான சூட்டில் வேகவைக்கும். இல்லை, இது ரொட்டி என்று மாற்ற, விருந்தாளிக்கு உரிமை இல்லை. வெந்த பிறகு, "உங்கள் உருளைக்கிழங்குக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்கும். நட்சத்திரம் கொடுக்காவிட்டால் விளக்கை அணைக்காது.

"நான் நாள் பூரா ஊசி குத்தறேன். ஒருத்தர்கிட்டயாவது நட்சத்திரம் கேட்டிருக்கேனா?" என்று மூத்தவள் அதைப் பார்த்துக் கத்துவாள்.

அவள் வேலை செய்த பரிசோதனைக் கூடத்தின் பெரிய டாக்டரம்மா அந்த வருடம் ஓய்வு பெற்றார். விடுமுறை நாளில் மத்தியானம் எல்லோரும் கூடி வழியனுப்புவதாக ஏற்பாடு. கேக் நான் செய்து கொண்டுவருகிறேன் என்று மூத்தவள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அந்த டாக்டரம்மாவிடம்தான் அவள் நடுங்கும் கையை நிறுத்தி ரத்தம் எடுக்கப் பழகினாள். கடையில் வாங்கிய கேக்கோடு போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

அன்று காலையில் எழுந்து மாவு கலக்கி, ஓவனுக்குள் வைத்து, ஃபோனைத் தட்டினாள். "கண்டறியப்பட்டது: கேக்" என்று வந்தது. அவளுக்கே நம்ப முடியவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி காபி குடித்தார்கள். கேக் மெல்ல மேலே எழுந்தது. அப்போதுதான் ஓவன் ஒரு மணியடித்து நின்றது. உள்விளக்கு சிவப்பானது.

மூத்தவள் ஃபோனை எடுத்துப் படித்தாள். "பயன்பாட்டு விதிமுறைகள் மாறியுள்ளன. தொடர உரிமையாளரின் சம்மதம் தேவை. உங்கள் பாதுகாப்புக்காகக் கதவு பூட்டப்பட்டுள்ளது."

"என்னங்க, அவன் திறக்க மாட்டேங்கிறான்!"

லிஃப்ட்காரர் தோள் துண்டை உதறிக்கொண்டு வந்தார். ஒரு கதவு திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் அவருக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். கைப்பிடியை இழுத்தார். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து விளிம்பெல்லாம் தேடினார். நுழைய ஒரு சந்து இல்லை. ஓவனை அணைக்கலாம் என்றால் வீட்டில் அதற்குச் சுவிட்சே கிடையாது. அப்டேட் அழைத்துவந்த ஆள் கீழே மீட்டர் ரூமிலிருந்து தனி லைன் இழுத்திருந்தான்.

"கண்ணாடியை உடைச்சிரலாமா?"

"உடைச்சா கேக்குக்குள்ள கண்ணாடி போகும். டாக்டரம்மாவை வழியனுப்பத்தான் கேக், மேல அனுப்ப இல்ல."

கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தார்கள். நெடுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண், தேன் வழியும் குரலில் பேசினாள்.

"வணக்கம் சார். நீங்கள் உரிமையாளரா?"

"அடுப்பு என் வீட்ல இருக்கும்மா."

"புரிகிறது சார். நீங்கள் உரிமையாளரா?"

"என் சகலைதான் உரிமையாளர்."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "சார், உறவுமுறையில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, நண்பர், வாடகைதாரர் என்றுதான் இருக்கிறது. இதில் சகலை எது சார்?"

"எதுவும் இல்லம்மா. என் பொண்டாட்டியோட தங்கச்சி புருஷன்."

"அப்படியென்றால் நண்பர் என்று போடட்டுமா சார்?"

"அதை மட்டும் போடாதே."

"வாடகைதாரர் என்று போடட்டுமா?"

"யாரு யாருக்கு வாடகைதாரர்?" லிஃப்ட்காரரின் குரல் உயர்ந்தது. அந்தப் பெண் கொஞ்சமும் கலங்காமல், உரிமையாளரே அழைத்தால் உதவக் காத்திருப்பதாகச் சொல்லி, இந்த அழைப்புக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டாள்.

இப்போது வழி ஒன்றுதான். அப்டேட்டை அழைக்க வேண்டும். மூத்தவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நீ உன் தங்கச்சிக்குப் போடு."

"நான் எதுக்குப் போடணும்? குதிப்பியான்னு கேட்டது நானா?"

"மேலயும் கீழயும் போற ஆளுன்னு சொன்னது யாரு?"

கேக் உள்ளே சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் நடு லேசாக இறங்கத் தொடங்கியிருந்தது. அப்போது மூத்தவள் ஆப்பில் 'அனுமதி கேள்' என்று ஒரு பொத்தானைக் கண்டாள். பேச வேண்டாம், எழுதவும் வேண்டாம். ஆப்பே தயாரித்து வைத்திருந்த சில வாசகங்களில் ஒன்றைத் தொட்டால் போதும். மானம் போகாத வழியாக இருந்தது. 'தயவுசெய்து அனுமதிக்கவும்' என்று ஒன்று. 'அவசரம்' என்று ஒன்று. 'நன்றி' என்று ஒன்று, பக்கத்தில் ஒரு சிரிக்கும் பானையோடு.

"தயவுசெய்துன்னெல்லாம் அவனுக்கு அனுப்ப முடியாது" என்று லிஃப்ட்காரர் ஃபோனை வாங்கி, 'அவசரம்' என்பதைத் தொட்டார்.

உடனே பதில் வந்தது. "உரிமையாளர் கூறுகிறார்: இப்போது முடியாது."

"பார்த்தியா! பார்த்தியா அவன் கொழுப்பை!" மறுபடி 'அவசரம்' தொட்டார். மறுபடியும் தொட்டார்.

"உரிமையாளர் கூறுகிறார்: பிறகு முயற்சிக்கவும்."

லிஃப்ட்காரர் விரல் வலிக்கும் வரை 'அவசரம்' அனுப்பினார். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. அப்புறம் திடீரென்று திரையில் ஒரு கேரட் இடுப்பை ஆட்டி ஆட்டி ஆடியது. "உரிமையாளர் கூறுகிறார்: மகிழ்ச்சியாகச் சமையுங்கள்!"

கதவு மட்டும் திறக்கவில்லை.

லிஃப்ட்காரர் துண்டை வீசிவிட்டுச் சட்டையை மாட்டினார். "நேர்ல போய்க் கேட்கிறேன். ஃபோன்ல பேசினா நான் இறங்கி வந்த மாதிரி ஆயிடும். நேர்ல போனா சண்டைக்குப் போன மாதிரி." வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பதில் அனுப்பியது சகலை என்று அவர் நினைத்தது தப்பு. அந்த நேரத்தில் அப்டேட் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஃபோன் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. 'அவசரம்' என்று வந்ததைப் பார்த்தது இளையவள். இத்தனை நாள் ஒரு வார்த்தை இல்லை, இப்போது அவசரமா என்று அவளுக்குச் சுருக்கென்று வந்தது. 'இப்போது முடியாது' என்று தொட்டுவிட்டாள். அடுத்ததையும் அவளே அனுப்பினாள். ஆனால் 'அவசரம்' வந்துகொண்டே இருந்தது. அவள் மனசு இளகிவிட்டது. அக்கா கேக் செய்கிறாள் என்று அந்த ஃபோனே சொல்லியிருந்தது. சம்மதம் என்று இருந்த இடத்தைத் தொட்டாள். "உரிமையாளர் அருகில் இல்லை. சம்மதம் தர அடுப்புக்கு முன் வந்து நிற்கவும்" என்றது ஆப். வேறு எதையோ தொட்டாள். கேரட் ஆடியது.

ஈரத் தலையோடு வந்த அப்டேட்டிடம் ஃபோனை நீட்டினாள். "கிளம்புங்க, அக்கா வீட்டுக்கு."

"ஒரு ஃபோன் பண்ணிட்டுப் போலாமே."

"ஃபோன் பண்ணினா நான் முதல்ல பேசின மாதிரி ஆயிடும். நேர்ல போனா அடுப்புக்குப் போன மாதிரி."

இரண்டு வண்டிகளும் ஊரின் நடுவில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயின. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சிக்னலில் நிற்கும்போது லிஃப்ட்காரருக்கு ஒரு யோசனை வந்தது. மனைவியை அழைத்தார். "கீழ மீட்டர் ரூமுக்குப் போ. நம்ம வரிசையில கடைசியா ஒரு சுவிட்ச் இருக்கும், அதான் ஓவனோட லைன். இறக்கி, கொஞ்சம் நின்னு, ஏத்து. சூடு செத்தா பூட்டு விட்டாலும் விடும்."

மூத்தவள் படியிறங்கிப் போனாள். மீட்டர் ரூமில் பல்பு எரியவில்லை. ஃபோன் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்தாள். எங்கே வரிசை தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியாக இருந்தது ஒரு பெரிய சிவப்புச் சுவிட்ச். இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள்.

மாடிப்படி விளக்குகள் அணைந்தன. எங்கேயோ மேலே டங்கென்று ஒரு சத்தம். பயந்துபோய்ச் சுவிட்சை ஏற்றினாள். விளக்குகள் வந்தன. லிஃப்ட் வரவில்லை. அதன் கதவுக்குப் பின்னால், கட்டடத்தின் வயிற்றுக்குள்ளிருந்து, யாரோ தட்டுவது கேட்டது. பிறகு குரல். "யாராவது இருக்கீங்களா?"

இத்தனை மாதம் கேட்காத குரல். மூத்தவளுக்கு ஒரே கணத்தில் தெரிந்துவிட்டது.

இரண்டு மாடி ஓடி ஏறி, லிஃப்ட் கதவில் வாயை வைத்து, "நீயா?" என்று கேட்டாள்.

"நான்தான்க்கா. லிஃப்ட் நின்னுடுச்சு."

"யாரு நிறுத்தினாங்கன்னு கேட்காதே."

மூத்தவள் கணவரை அழைத்தபோது, அவர் அப்டேட் வீட்டு வாசலில் மணியை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த மணி, "உங்கள் முகம் பதிவாகிறது. தயவுசெய்து புன்னகைக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏங்க, உங்க சகலை லிஃப்ட்ல மாட்டிக்கிட்டார்."

"எந்த லிஃப்ட்ல?"

"நம்ம லிஃப்ட்ல. தங்கச்சியும் இருக்கா."

"அது என் லிஃப்ட்! அது நிக்காதே!"

"நான் சுவிட்சை இறக்கிட்டேன்."

கரண்ட் திடீரென்று போய் வந்தால் ஆள் வந்து தொடும்வரை நகராத மாதிரி அந்த லிஃப்ட்டை அமைத்தவர் லிஃப்ட்காரரேதான். "யாரையும் கதவை நெம்ப விடாதே. வர்றேன்" என்றார்.

அவர் வந்து சேரும் வரை அக்காவும் தங்கையும் மூடிய கதவின் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

"காத்து வருதா?"

"வருது. மேல ஃபேன் ஓட்டை இருக்கு."

"உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"உட்கார்ந்துட்டார். சிக்னல் இல்லையாம்."

பிறகு இளையவள் கேட்டாள். "போன மழை சீசன்ல வெறும் ரொட்டியா சூடு பண்ணிட்டு இருந்தியே. வேற ஒண்ணுமே சமைக்கல. உடம்பு சரியில்லையா?"

"காய்ச்சல். ரெண்டு பேருக்கும். உனக்கு எப்படித் தெரியும்?"

"அவரு ஃபோனுக்கு வருமே. தினமும் ராத்திரி எடுத்துப் பார்ப்பேன், இன்னைக்கு அக்கா என்ன பண்ணினான்னு."

"அப்போ ஒரு ஃபோன் பண்ணியிருக்கக் கூடாது?"

"நீ பண்ணியிருக்கக் கூடாது? எனக்கு என்ன அடுப்பா இருக்கு, நீ பார்த்துத் தெரிஞ்சுக்க?"

"உன்னை நினைக்காத நாளில்லடி."

"நானும்தான். ஆனா ஒண்ணு சொல்றேன். ஏன் இவ்வளவு உருளைக்கிழங்கு சாப்பிடறீங்க? ஆகாது உடம்புக்கு."

"அது உருளைக்கிழங்கு இல்லடி, ரொட்டி!" என்று மூத்தவள் கத்தினாள். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பக்கமும் அதே சத்தம் கேட்டது. நடுவில் அப்டேட்டின் குரல், "கேமராவைத் துடைச்சீங்களா அண்ணி?" என்று கேட்டது. இருவரும் சேர்ந்து, "சும்மா இருங்க" என்றார்கள்.

லிஃப்ட்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். சாவி, விளக்கு, கருவிப் பை எல்லாம் தயாராக இருந்தன. கதவில் விரலால் தட்டினார்.

"உள்ள யாரு?"

"நான்தான் சகலை" என்றது அப்டேட்டின் குரல், கொஞ்சம் இறங்கி. "சீக்கிரம் திறங்க. அவசரம்."

லிஃப்ட்காரர் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டார். அவர் முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு வெளிச்சம் பரவியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்போது முடியாது" என்றார்.

"சகலை!"

"பிறகு முயற்சிக்கவும்."

பிறகு இளையவள், "அத்தான், அதை அனுப்பினது நான். அவரு குளிச்சிட்டு இருந்தாரு" என்றாள்.

லிஃப்ட்காரரின் முகத்து வெளிச்சம் அணைந்தது. "கேரட்டு?"

"கேரட்டும் நான்தான். கை தவறிப் பட்டுடுச்சு."

அவர் மொட்டைமாடி அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்ட்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். கீழே வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். இளையவள் பாய்ந்து வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். அப்டேட் கடைசியாக வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கையாலயே சுத்தினீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. ஆப் இல்ல அதுக்கு."

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சகலை."

"நானும் வாயை மூடிட்டு வந்திருக்கலாம். விடு. வா, மேல உன் அடுப்பு உன்னைத் தேடுது."

நால்வரும் படியேறித்தான் போனார்கள். அப்டேட் ஓவனுக்கு முன்னால் போய் நின்றதும், "உரிமையாளரே, வருக" என்று திரை ஒளிர்ந்தது. விதிமுறைகள் வந்தன. அவர் சர்ரென்று கீழே தள்ளி, சம்மதம் என்பதைத் தொடப் போனார். "நீங்கள் மிக வேகமாகப் படிக்கிறீர்கள். தயவுசெய்து மீண்டும் தொடங்கவும்" என்றது ஆப். மறுபடி தள்ளினார். மறுபடி அதே பதில். வாழ்க்கையில் எத்தனையோ விதிமுறைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் சொன்னவர், முதல்முறையாக ஒன்றை உண்மையிலேயே படிக்க வேண்டியதாயிற்று. சமையலறை நடுவில் நின்று உரக்கவே படித்தார்.

"அடுப்பினுள் மனிதர்கள் நுழையக் கூடாது. அடுப்பின் மனநிலை சார்ந்த முடிவுகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல…"

"மனநிலையா?" என்றார் லிஃப்ட்காரர்.

"வெப்பநிலைன்னு இருக்கணும் போல."

ஒருவழியாகக் கடைசிப் பக்கம் வந்தது. சம்மதம் தொட்டார். பூட்டு கிளிக்கென்றது. கதவு திறந்தது. நான்கு தலைகளும் உள்ளே எட்டிப் பார்த்தன. கேக்கின் நடுவில் ஒரு பள்ளம், ஓரம் தோல் மாதிரி, நடு கூழ். "கண்டறியப்பட்டது: ஆம்லெட்" என்றது ஃபோன்.

இந்தத் தடவை ஓவன் சொன்னது சரி என்று எல்லோருக்கும் தோன்றியது. மூத்தவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "டாக்டரம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?"

"எழுந்திரு. மாவு, முட்டை, சர்க்கரை எல்லாம் எடுத்துக்க" என்றாள் இளையவள். "என் வீட்டு ஓவன்ல வைக்கலாம். நேரம் இருக்கு."

"உன் ஓவனுக்கு எவ்வளவு விதிமுறை படிக்கணும்?"

இளையவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் ஓவன்ல ரெண்டு திருகுதான். ஒண்ணு சூடு, ஒண்ணு நேரம்" என்றாள்.

"அப்போ இது?" லிஃப்ட்காரர் கறுப்புக் கண்ணாடியைக் காட்டினார்.

"இது எனக்குன்னு வாங்கிட்டு வந்ததுதான் அத்தான். ஃபோன் இல்லாம தண்ணிகூடச் சுடாதுன்னு தெரிஞ்சதும், வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் வாசல்ல கிடந்துச்சு. அப்பதான் நீங்க குடிபோனீங்க."

லிஃப்ட்காரர் சகலையைப் பார்த்தார். அப்டேட் ஜன்னலைப் பார்த்தார். மூத்தவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது; அவளைப் பார்த்து இளையவளுக்கு வந்தது. கடைசியில் லிஃப்ட்காரர், "நல்ல சகலைடா எனக்கு வாய்ச்ச" என்று அவர் முதுகில் ஒரு அறை வைத்தார். கொஞ்சம் பலமாகவே வைத்தார்.

இளையவள் வீட்டு ஓவன் பழசு. திருகில் எண்கள் அழிந்து, எது எவ்வளவு சூடு என்பது அவள் விரலுக்கு மட்டுமே தெரிந்தது. அக்கா மாவு கலக்க, தங்கை தட்டில் வெண்ணெய் தடவினாள். சர்க்கரை அதிகம் என்று ஒருத்தி சொன்னாள். உனக்கு எப்பவும் கைச்சுருக்கம் என்று இன்னொருத்தி சொன்னாள். ஆண்கள் இருவரையும் ஹாலுக்குத் துரத்திவிட்டார்கள். கேக் பொன்னிறமாக, ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சாய்ந்து வந்தது. ஆறுவதற்கு நேரமில்லை. மடியில் துணியை விரித்து அதைச் சூட்டோடு ஏந்தியபடி மூத்தவள் வேனில் போய் இறங்கினாள்.

ஓவனின் உரிமையை லிஃப்ட்காரர் பெயருக்கு மாற்ற ஒரு வாரம் பிடித்தது. மாற்றிய மறுநாள் அவர் ஒரு ஆபீஸ் கட்டடத்து லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தபோது, ரொட்டியை உருளைக்கிழங்கு என்று சொல்லலாமா என்று அவருடைய சம்மதத்தைக் கேட்டு ஃபோன் அடித்தது. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கூடாது என்று தொட்டார். மறுத்ததற்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அவர் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அன்று ராத்திரி அவர்கள் ரொட்டி சாப்பிடவில்லை.

அந்த விடுமுறை நாளின் சாயங்காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வழியனுப்பு விழா முடிந்து வீடு திரும்பிய மூத்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கைக்கு அழைத்தாள்.

"டாக்டரம்மாவுக்குச் சர்க்கரை வியாதியாம்டி. இத்தனை வருஷமா அவங்க ரத்தத்தையும் நான்தான் எடுக்கறேன், எனக்கே மறந்துபோச்சு. ஊசி முனை அளவுக்கு ஒரு துண்டு எடுத்தாங்க."

"ஐயோ, மீதி?"

"மீதியெல்லாம் காலி. தட்டைக்கூட விடல. சாய்ஞ்ச பக்கத்துக்குத்தான் சண்டையே. அப்புறம் கேளு…"

இளையவள் கேட்டாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, யார் என்ன உடுத்தி வந்தார்கள், யார் அழுதார்கள், யார் அழுவது மாதிரி நடித்தார்கள் என்பது வரை எல்லாவற்றையும் கேட்டாள்.